பாசிட்டிவ் என்று வந்த அறிக்கை: ஹெர்பிஸ் பற்றிய வாசகர் கேள்விகளும் தோல், பால்வினை நோய் மருத்துவரின் பதில்களும்

கேள்வி: எனக்கு வயது 29. தை மாதத்தில் திருமணம் நிச்சயமாகியிருக்கிறது. அதற்கு முன் எல்லாவற்றையும் பார்த்துவிடலாம் என்று ஒரு தனியார் ஆய்வகத்தில் முழு உடல் பரிசோதனை செய்துகொண்டேன். அதில் எச்எஸ்வி-2 ஐஜிஜி 1.8, பாசிட்டிவ் என்று வந்துள்ளது. நான்கு ஆண்டுகளுக்கு முன் ஒரே ஒரு முறை பாதுகாப்பில்லாத உறவு நடந்தது. இதுவரை புண்ணோ கொப்புளமோ வந்ததில்லை. திருமணத்தை நிறுத்திவிடலாமா என்று யோசிக்கிறேன். (மதுரை வாசகர்)

பதில்: திருமணத்தை நிறுத்த வேண்டாம். உங்கள் கையில் இருப்பது இன்னும் முடிவாகாத ஓர் அறிக்கை மட்டுமே.

எச்எஸ்வி-2 என்பது ஹெர்பிஸ் கிருமியின் இரண்டாம் வகை; பிறப்புறுப்பு ஹெர்பிஸை உண்டாக்குவது. ஐஜிஜி பரிசோதனை இந்தக் கிருமியைத் தேடுவதில்லை. கிருமிக்கு எதிராக உடல் உருவாக்கும் எதிர்ப்பொருள் ரத்தத்தில் இருக்கிறதா என்று பார்க்கிறது. அந்த அளவை ஓர் எண்ணாகத் தருகிறார்கள். பரவலாகப் பயன்படும் முறையில் அந்த எண் 0.9க்குக் கீழே இருந்தால் நெகட்டிவ், 0.9 முதல் 1.1 வரை இருந்தால் சொல்ல இயலாத நிலை, 1.1ஐத் தாண்டினால் பாசிட்டிவ். உங்களுக்கு வந்திருக்கும் 1.8 கோட்டைத் தாண்டியிருந்தாலும் கோட்டுக்கு மிக அருகில் நிற்கும் எண். அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2021இல் வெளியிட்ட வழிகாட்டுதல் இந்தத் தாழ்ந்த பாசிட்டிவ் முடிவுகளை அப்படியே நம்பக் கூடாது என்று வெளிப்படையாகச் சொல்கிறது. அது எடுத்துக்காட்டும் ஆய்வில், 1.1க்கும் 3க்கும் இடைப்பட்ட எண்களில் இந்தப் பரிசோதனையின் துல்லியத்தன்மை, அதாவது நோயில்லாதவரை நோயில்லாதவர் என்று சரியாகச் சொல்லும் திறன், 39.8 சதவீதமாகவும், 3க்கு மேற்பட்ட எண்களில் 78.6 சதவீதமாகவும் இருந்தது. 2023 நவம்பரில் அந்நாட்டின் உணவு, மருந்து நிர்வாகமும் எச்எஸ்வி-2 ரத்தப் பரிசோதனைகள் பொய்யான பாசிட்டிவ் தரக்கூடும் என்று மருத்துவர்களை எச்சரித்தது. வாய்ப்புண்ணை உண்டாக்கும் முதல் வகைக் கிருமி உடலில் இருப்பவர்களுக்கும் இப்படித் தவறாக வருவதுண்டு.

இன்னொன்றையும் கணக்காகவே சொல்கிறேன். ஆயிரம் பேரில் 50 பேருக்கு உண்மையில் எச்எஸ்வி-2 இருப்பதாக வைத்துக்கொள்வோம். 95 சதவீதம் சரியாகச் சொல்லும் நல்ல பரிசோதனையாக இருந்தாலும், நோயுள்ள 50 பேரில் ஏறக்குறைய 48 பேரைக் கண்டுபிடிக்கும். நோயில்லாத 950 பேரிலும் ஏறக்குறைய 48 பேருக்குப் பாசிட்டிவ் என்று சொல்லிவிடும். ஆக, பாசிட்டிவ் வந்தவர்களில் பாதிப் பேருக்கு நோயே இல்லை. அறிகுறி எதுவும் இல்லாதவர்களுக்கு இந்தப் பரிசோதனையைச் செய்ய வேண்டாம் என்று அமெரிக்க நோய்த்தடுப்புப் பணிக்குழு 2016இல் சொன்னதையே 2023இலும் உறுதி செய்ததற்கு இது ஒரு முக்கியக் காரணம். யாரும் கேட்காமல் முழு உடல் பரிசோதனைத் தொகுப்புகளில் இதைச் சேர்த்து விற்பது எனக்கு உடன்பாடில்லாத செயல். அதன் விளைவைச் சுமந்துகொண்டு என் அறைக்கு வரும் இளைஞர்களை நான் தொடர்ந்து பார்க்கிறேன்.

நம் ஊர் நம்பிக்கை மையங்களில் எச்ஐவி எப்படி உறுதி செய்யப்படுகிறது என்று பாருங்கள். அறிகுறியில்லாத ஒருவருக்கு வெவ்வேறான மூன்று பரிசோதனைகளிலும் பாசிட்டிவ் வந்தால்தான் பாசிட்டிவ் என்று எழுதுகிறார்கள். அந்த நிதானம் ஹெர்பிஸுக்கும் வேண்டும். ஆகவே வேறொரு முறையில் இயங்கும், வகை பிரித்துச் சொல்லும் பரிசோதனையை இன்னொரு முறை செய்யுங்கள். இதில் உறுதியான முடிவைத் தரும் வெஸ்டர்ன் பிளாட் எல்லா இடங்களிலும் கிடைப்பதில்லை. கிடைக்கும் வழியை உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். எச்ஐவி, சிபிலிஸ் இரண்டுக்கும் பரிசோதனை செய்யாமல் இருந்தால் அவற்றைக் கட்டாயம் செய்துகொள்ளுங்கள். அரசு மருத்துவமனைகளில் பால்வினை நோய்களுக்காக உள்ள சுகவாழ்வு மையங்களில் இதற்குக் கட்டணம் இல்லை.

புண் வந்ததே இல்லை என்பதால் கிருமி இல்லவே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். எச்எஸ்வி-2 உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு அது இருப்பதே தெரியாது. இரண்டாவது பரிசோதனையும் உறுதியாகப் பாசிட்டிவ் என்றால், உங்களை மணக்கவிருக்கும் பெண்ணிடம் நீங்களே, திருமணத்துக்கு முன்பே, சொல்ல வேண்டும். வேண்டுமானால் இருவரும் சேர்ந்து மருத்துவரிடம் வாருங்கள். நாளொன்றுக்கு 500 மில்லிகிராம் வாலசைக்ளோவிர் என்ற ஹெர்பிஸ் மாத்திரை எடுத்துக்கொண்டவர்களிடமிருந்து இணையருக்குத் தொற்றுவது ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது என்று 2004இல் வெளியான ஆய்வு காட்டியது. ஆணுறை அதை இன்னும் குறைக்கும். இந்தக் கிருமியோடு இல்லறம் நடத்திப் பிள்ளை பெற்று நலமாக இருப்பவர்கள் ஏராளம்.

கேள்வி: எனக்கு இரண்டு முறை கரு கலைந்துவிட்டது. கருவைப் பாதிக்கக்கூடிய சில தொற்றுகளைத் தேடும் டார்ச் பரிசோதனையில் ஹெர்பிஸ் ஐஜிஎம் பாசிட்டிவ் என்று வந்திருக்கிறது. கூகுளில் பார்த்துவிட்டு இது பால்வினை நோய் என்று என் கணவர் பேசுவதையே நிறுத்திவிட்டார். அவரைத் தவிர வேறு யாரையும் நான் அறிந்ததில்லை. (சேலம் வாசகி)

பதில்: சகோதரி, இந்தப் பதிலை உங்கள் கணவரும் படிக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

இந்த அறிக்கையால் உங்கள் நடத்தை பற்றி எதையும் சொல்ல முடியாது. ஐஜிஎம் என்பது இன்னொரு வகை எதிர்ப்பொருள். அந்தப் பரிசோதனையால் முதல் வகைக் கிருமியையும் இரண்டாம் வகைக் கிருமியையும் நம்பத்தகுந்த முறையில் பிரித்தறிய முடியாது. புதிதாகத் தொற்றினால் மட்டுமே ஐஜிஎம் வரும் என்ற நம்பிக்கையும் தவறு. பல ஆண்டுகளாக உடலில் இருக்கும் கிருமி மறுபடி தலைதூக்கும்போதும் அது வரலாம், கிருமியே இல்லாமலும் வரலாம். அதனால்தான் ஹெர்பிஸைக் கண்டறிய ஐஜிஎம்மைப் பயன்படுத்தவே வேண்டாம் என்கின்றன வழிகாட்டுதல்கள். முதல் வகைக் கிருமி பெரும்பாலும் குழந்தைப் பருவத்தில், பாட்டியோ அத்தையோ கன்னத்தில் கொடுத்த முத்தத்தில் வந்து சேர்வது. உலகில் 50 வயதுக்குட்பட்டவர்களில் 64 சதவீதம் பேருக்கு, அதாவது ஏறத்தாழ 380 கோடிப் பேருக்கு, அது இருக்கிறது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. உங்கள் கணவருக்கும் அதே பரிசோதனையைச் செய்தால் என்ன வரும் என்று யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது.

இரண்டாம் வகைதான் என்று பின்னால் உறுதியானாலும், எப்போது வந்தது, யாரிடமிருந்து வந்தது என்பதை எந்த ரத்தப் பரிசோதனையும் சொல்லாது. நரம்பு முடிச்சுகளில் பல ஆண்டுகள் ஓசையின்றிக் கிடந்துவிட்டு முதல் கொப்புளத்தை உண்டாக்கும் இயல்பு அதற்கு உண்டு. திருமணத்துக்கு முன்பே கணவருக்கு அவர் அறியாமல் வந்து, உங்களுக்குக் கடந்திருக்கவும் கூடும்.

அடுத்தடுத்துக் கரு கலைவதற்குக் காரணம் தேடும்போது டார்ச் பரிசோதனை பெரும்பாலும் பயன் தருவதில்லை. கருப்பையின் அமைப்பு, தைராய்டு, ஆன்டிபாஸ்போலிப்பிட் எதிர்ப்பொருள், தேவைப்பட்டால் கணவன் மனைவி இருவரின் குரோமோசோம்கள் ஆகியவற்றைப் பார்த்தீர்களா என்று உங்கள் மகப்பேறு மருத்துவரிடம் கேளுங்கள். ஐஜிஎம் எண்ணைக் குறைப்பதற்காக மாத்திரை விழுங்க வேண்டாம். கருவுற்றிருக்கும்போது ஹெர்பிஸ் உண்மையிலேயே கவலை தருவது, கர்ப்ப காலத்தின் இறுதியில் முதன்முறையாகத் தொற்றும்போதுதான். அப்போது குழந்தைக்குப் போகும் வாய்ப்பு 30 முதல் 50 சதவீதம் வரை; முன்பே இருந்த தொற்று என்றால் ஒரு சதவீதத்துக்கும் குறைவு. எனவே கர்ப்ப காலத்தில் உங்கள் இருவரில் யாருக்குப் பிறப்புறுப்பில் கொப்புளமோ புண்ணோ வந்தாலும் தயங்காமல் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: பிறப்புறுப்பில் சிறு கொப்புளங்கள் வந்து உடைந்தன. பார்த்தவுடன் ஹெர்பிஸ் என்று மாத்திரை கொடுத்தார் ஒரு மருத்துவர். எட்டாம் நாள் இன்னொருவரிடம் போனேன். அவர் எடுத்த பிசிஆர் நெகட்டிவ், ரத்தப் பரிசோதனையும் நெகட்டிவ். யாரை நம்புவது?

பதில்: இருவரையும் பொய்யர் ஆக்காமலே இதற்கு விடை உண்டு. பிசிஆர் என்பது புண்ணில் கிருமியின் மரபணுவைத் தேடும் நல்ல பரிசோதனைதான், ஆனால் அதற்குக் கிருமி கிடைக்க வேண்டும். புதிதாக எழும்பிய கொப்புளத்தின் அடியிலிருந்து, முதல் இரண்டு நாட்களுக்குள் பஞ்சுக் குச்சியால் மாதிரி (ஸ்வாப்) எடுத்தால் முடிவு நம்பகமாக இருக்கும். எட்டாம் நாள், மாத்திரையும் சாப்பிட்டு, புண் பொருக்குத் தட்டிய பிறகு எடுத்தால் நெகட்டிவ் வருவது இயல்பு; அதை வைத்து ஹெர்பிஸ் இல்லை என்று முடிவு கட்ட முடியாது. எதிர்ப்பொருள் உருவாகச் சில வாரங்கள் ஆகும் என்பதால் உங்கள் ரத்தப் பரிசோதனையும் அவசரமாகச் செய்யப்பட்டதே. தொற்றியிருக்கலாம் என்று நீங்கள் கருதும் நாளிலிருந்து 12 வாரம் கழித்து ஐஜிஜி மட்டும் பாருங்கள்.

அதே வேளையில், கண்ணால் பார்த்து மட்டும் சொல்வதிலும் தவறு நேரும். சிபிலிஸ் புண், சில மாத்திரைகளின் ஒவ்வாமையால் அதே இடத்தில் திரும்பத் திரும்ப வரும் புண், சாதாரண உராய்வு ஆகியவை ஹெர்பிஸைப் போலத் தோற்றம் காட்டுவதுண்டு. மறுபடி கொப்புளம் வந்தால் களிம்பு எதையும் தடவாமல், மாத்திரை தொடங்குவதற்கு முன்பே, அன்றோ மறுநாளோ வந்து ஸ்வாப் கொடுத்துவிடுங்கள். சிபிலிஸ் பரிசோதனைக்காக அதுவரை காத்திருக்க வேண்டாம். அதை இப்போதே செய்துகொள்ளுங்கள்.

கேள்வி: என் அப்பாவுக்கு நெற்றியின் ஒரு பக்கம் எரிச்சலோடு கொப்புளங்கள். மருத்துவர் சீட்டில் ஹெர்பிஸ் என்று எழுதியிருக்கிறார். இந்த வயதில் அவருக்கு இப்படியொரு நோயா என்று வீட்டில் எல்லோரும் கூசிப்போயிருக்கிறோம். பாட்டி இது அக்கி என்கிறார்.

பதில்: பாட்டி சொல்வதே சரி. சீட்டில் ஹெர்பிஸ் என்ற சொல்லுக்குப் பக்கத்தில் ஜோஸ்டர் என்று இருக்கிறதா என்று பாருங்கள். இது சிறு வயதில் வந்த சின்னம்மைக் கிருமி, நரம்பில் தங்கியிருந்து முதுமையில் எழும்புவது. பால்வினை நோயோடு இதற்குத் தொடர்பில்லை. காவி குழைத்து அக்கி எழுதுவதற்காக நாளைக் கடத்த வேண்டாம். மாத்திரையை முதல் 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால் பலன் அதிகம். நெற்றியில் வந்திருப்பதால் கண்ணுக்கும் பரவக்கூடும். மூக்கு நுனியில் கொப்புளம் தென்பட்டாலோ கண் சிவந்தாலோ இன்றைக்கே கண் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.