கழுவிய முட்டை ஏன் கெட்டுப்போனது?

நாட்டுக்கோழி வளர்ப்பு: வாசகர் கேள்வி - பதில்

கேள்வி: அம்மா, 60 முட்டை பிடிக்கிற சின்ன இன்குபேட்டர் வாங்கினோம். முட்டைகளில் எச்சமும் மண்ணும் ஒட்டியிருந்ததால், தொட்டித் தண்ணீரில் மஞ்சள்தூள் கலந்து கழுவி, ஈரத்துணியால் துடைத்து வைத்தேன். 21 நாள் கழித்து 19 குஞ்சுதான் வந்தது. மீதியை உடைத்துப் பார்த்தால் பாதிக்கு மேல் நாற்றம். சுத்தமாகத்தானே வைத்தேன்? - வாசகி, காங்கேயம்

பதில்: அம்மணி, கழுவியதால்தான் கெட்டது. மனசு கஷ்டமாக இருக்கும், எனக்குத் தெரியும். முதல் வருஷம் நானும் இதே வேலையைச் செய்து ஒரு கூடை முட்டையைக் குழி தோண்டிப் புதைத்தவள்.

கோழி இட்ட கையோடு முட்டையை எடுத்துப் பாருங்கள். பளபளவென்று ஈரமாக இருக்கும். கண் முன்னாலேயே அந்த ஈரம் காய்ந்து மினுமினுப்பு மங்கிவிடும். அப்படிக் காய்ந்து ஓட்டின் மேல் ஒரு மெல்லிய பூச்சாகப் படிகிறது. ஓட்டில் 7,000 முதல் 17,000 வரை கண்ணுக்குத் தெரியாத துளைகள் இருக்கின்றன. கரு மூச்சு விடுவதே அவற்றின் வழியாகத்தான். துளை வாயை மூடிக் கிருமியை வெளியே நிறுத்துவது அந்தப் பூச்சு. தேய்த்துக் கழுவினால் போச்சு.

அதைவிடக் கெடுதல் தொட்டித் தண்ணீரின் குளிர்ச்சி. முட்டையைவிடத் தண்ணீர் குளிர்ந்திருந்தால் உள்ளே இருப்பது சுருங்கும். சுருங்கிய இடத்தை நிரப்ப, ஓட்டுத் துளை தண்ணீரை உள்ளே இழுக்கும், அதோடு எச்சத்தில் இருக்கும் கிருமியையும். பத்து முட்டை முக்கி எடுத்த பிறகு அது மஞ்சள் தண்ணீரா, எச்சத் தண்ணீரா? ஈரத்துணியோ ஒரு முட்டையின் அழுக்கை அறுபதுக்கும் பூசிவிட்டது. அப்புறம் 37.5 டிகிரி சூட்டில் வைக்கிறோம். குஞ்சு வளர்கிற அந்தச் சூட்டில் கிருமியும் நன்றாக வளரும்.

இனி இப்படிச் செய்யுங்கள். சுத்தமான முட்டையை மட்டும் பொறுக்கி வையுங்கள். பொட்டுப் பொட்டாக அழுக்கு இருந்தால் காயவிட்டு நகத்தால் சுரண்டுங்கள், இல்லாவிட்டால் நைஸ் உப்புத்தாளால் அந்த இடத்தை மட்டும் லேசாகத் தேயுங்கள். எச்சம் அப்பிய முட்டை எனக்கு மிஷினுக்குள் வேண்டவே வேண்டாம். கழுவித்தான் ஆக வேண்டும் என்றால், தண்ணீர் முட்டையைவிடச் சூடாக, 40 முதல் 43 டிகிரிக்குள் இருக்க வேண்டும். ஊற வைக்காதீர்கள். கழுவிய தண்ணீரிலேயே அடுத்ததைக் கழுவாதீர்கள்.

உண்மையான வேலை முட்டையிடும் பெட்டியில் இருக்கிறது. கோழி உடம்பின் சூடு 41 டிகிரி அளவு. இட்ட முட்டை ஆறும்போது உள்ளே சுருங்கி, மழுங்கிய முனையில் காற்றறை உண்டாகிறது. வெளிக்காற்றை முட்டை உறிஞ்சும் நேரம் அது. அந்த நேரத்தில் ஈர எச்சத்தில் கிடந்தால், நீங்கள் கையில் எடுப்பதற்கு முன்பே காரியம் கெட்டிருக்கும். நான் ஒரு நாளைக்கு நாலு முறை முட்டை எடுக்கிறேன். உமி நனைந்தால் அன்றைக்கே மாற்றிவிடுவேன். சாயங்காலம் முட்டைப் பெட்டி வாயைச் சாக்குப் போட்டு மூடிவிடுவேன். ராத்திரி அதில் படுக்கிற கோழி எச்சமிடாமல் எழுந்திருக்காது.

நாற்றம் வராத மீதி முட்டைகள் கருக்கூடாதவையாக இருக்கலாம். அடுத்த முறை 7-ஆம் நாள் இருட்டில் டார்ச் வைத்து, கருக் கூடியிருக்கிறதா என்று பாருங்கள்.

கேள்வி: 15-ஆம் நாள் இன்குபேட்டருக்குள் ஒரு முட்டை வெடித்துவிட்டது. மற்ற முட்டைகளைக் கழுவலாமா? - வாசகர், மணப்பாறை

பதில்: கழுவக் கூடாது. முட்டைகளைக் கூடையில் எடுத்துத் துணி போட்டு மூடிவிட்டு நிதானமாக வேலை பாருங்கள். அடைக்கோழியே இரை எடுக்கக் கால் மணி, இருபது நிமிஷம் வெளியே போய்த்தானே வருகிறது! அந்த அளவு ஆறினால் கருவுக்கு ஒன்றும் ஆகாது. நிறைய அப்பியவற்றைத் தள்ளிவிடுங்கள். லேசாகத் தெறித்ததை உலர்ந்த டிஷ்யூவால் ஒற்றி எடுங்கள், ஒவ்வொன்றுக்கும் புதுத்தாள். தட்டை வெந்நீரும் சோப்பும் போட்டுத் துடைத்து, தண்ணீர்க் கிண்ணத்தையும் கழுவி நிரப்புங்கள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் வேறு எதையும் தொட வேண்டாம்.

வெடிப்பதற்கு முன்பே அது ஜாடை காட்டும். போன ஐப்பசியில் திருப்பிவிடும்போது என் கையில் ஒரு முட்டை பிசுக்கென்று ஒட்டியது. ஓட்டின்மேல் வேர்வைத் துளி மாதிரி தேன் நிறச் சொட்டுகள். முகர்ந்தால் சாக்கடை வாடை. மூச்சைப் பிடித்துக்கொண்டு அதைப் பாலிதீன் பையில் இறக்கி முடிச்சுப் போட்டேன். தினமும் மூடியைத் திறந்ததும் முதலில் மூக்கால் பாருங்கள்.

கேள்வி: பெரிய குஞ்சுப் பொரிப்பகங்களில் கிருமியைக் கொல்லப் புகை போடுகிறார்களே, வீட்டில் செய்யலாமா? - வாசகர், பல்லடம்

பதில்: வேண்டாம் தம்பி, கெஞ்சிக் கேட்கிறேன். 100 கன அடி அறைக்கு 20 கிராம் பொட்டாசியம் பெர்மாங்கனேட்டில் 40 மில்லி ஃபார்மலின் ஊற்றி, 20 நிமிஷம் பூட்டி வைப்பார்கள். அதிலிருந்து கிளம்பும் ஃபார்மால்டிஹைடு கண்ணையும் நெஞ்சையும் எரிக்கும் வாயு. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004-லேயே அதை மனிதருக்குப் புற்றுநோய் தருவதாக வகைப்படுத்திவிட்டது. முட்டை வைத்த 24 முதல் 96 மணி நேரத்துக்குள் இந்தப் புகை பட்டால் கருவும் செத்துப்போகும். குழந்தைகள் நடமாடும் வீட்டில் இதற்கு இடமே இல்லை.

அதற்குப் பதில் ஒவ்வொரு பொரிப்பு முடிந்ததும் மிஷினைக் கழுவுங்கள். ஓட்டுத் துண்டையும் குஞ்சுத் தூவியையும் பெருக்கி எடுத்து, சோப்புத் தண்ணீரால் தேய்த்த பிறகுதான் கிருமிநாசினி. அழுக்கின்மேல் ஊற்றினால் மருந்து வேலை செய்யாது. ஒயரும் மின்விசிறியும் நனையாமல் பார்த்து, வெயிலில் நன்றாகக் காயவிடுங்கள். முட்டை உள்ளே இருக்கும்போது எதையும் தெளிக்க வேண்டாம்.

கேள்வி: அடை வைக்கும்போது கரித்துண்டு, இரும்பு, வரமிளகாய் போடச் சொல்கிறார் மாமியார். போடலாமா? - வாசகி, பரமத்தி

பதில்: போடுங்கள், அவர் மனம் நிறையட்டும். என் அம்மாவும் இடிக்கு முட்டை கலங்கும் என்று போடுவார். நான் பார்ப்பது கூடைக்குள் கோழிப்பேன் இருக்கிறதா என்பதைத்தான். புது மணல், அதன்மேல் காய்ந்த வைக்கோல். தினமும் ஒரு முறை கோழியை வெளியே இறக்கிவிடுங்கள், அது எச்சத்தை வெளியே போட்டுவிட்டு வரும். இறக்கிவிடாத அன்றைக்குக் கூடையிலேயே கழியும். அப்போது முட்டையைக் கழுவாமல் வைக்கோலை மட்டும் மாற்றுங்கள்.