ஒரே கடிதத்தில் மூன்று ‘செட்டில்மென்ட்’

கேள்வி: எங்கள் ஊர் சிவகங்கைப் பக்கம். பாட்டனாரின் பெயர் உள்ள பழைய செட்டில்மென்ட் பதிவேட்டு நகலும், அவர் 1994-இல் என் தந்தைக்கு எழுதிய தான செட்டில்மென்ட் பத்திரமும் இருக்கின்றன. முதலாவதே போதும், விற்றுவிடலாம் என்கிறார் தரகர். அத்தையோ, தமக்குச் செட்டில்மென்ட் செய்த பிறகே விற்க வேண்டும் என்கிறார். எது செல்லும்?

பதில்: மூன்றும் எழுத்தில்தான் ஒன்று. பழைய ஆங்கிலத்தில் ‘செட்ல்’ என்றால் இருக்கை. அதிலிருந்து அமர்த்துதல், நிலைப்படுத்துதல் என்று வளர்ந்த வினையோடு, சமாதானம் செய்வதைக் குறித்த வேறொரு பழஞ்சொல்லும் கலந்ததாக அகராதியாளர் கருதுகின்றனர். ஆகவேதான் 1826-இல் பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் மூன்றையும் சேர்த்து ஆங்கிலேயர் வைத்த ‘ஸ்ட்ரெய்ட்ஸ் செட்டில்மென்ட்ஸ்’ என்ற பெயரில் அது குடியேற்றமாகவும், நீதிமன்றத்தில் சமரசமாகவும், பொறியாளரிடம் கட்டடம் மண்ணில் அமிழ்வதாகவும், நம் வீடுகளில் பையன் வேலை கிடைத்து ‘செட்டில்’ ஆவதாகவும் இருக்கிறது.

வருவாய்த் துறையின் செட்டில்மென்ட் என்பது நிலத்தை அளந்து, மண்ணைத் தரம் பிரித்து, அரசுக்குத் தீர்வை, அதாவது நிலவரி, இவ்வளவு, அதைச் செலுத்த வேண்டியவர் இன்னார் என்று நிலைப்படுத்திய நடவடிக்கை. அந்தப் பதிவேட்டில் புல எண், பரப்பு, மண் வகை, தீர்வை, பட்டாதாரர் பெயர் இருக்கும்; பாட்டனார் யாருக்கும் எதையும் கொடுத்தார் என்ற செய்தி இருக்காது. ‘செட்டில்மென்ட் ஆன சொத்து, வில்லங்கமே கிடையாது’ என்று தரகர் சொல்லும்போது, இந்தப் பதிவேட்டைக் காட்டி அந்தப் பத்திரத்தின் பலனை விற்கிறார்.

இதில் ஒரு விலக்கு உண்டு. உங்கள் ஊருக்கு அது பொருந்தக்கூடும் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். சென்னை மாகாணத்தின் பெரும்பகுதியில் அரசு உழவரோடு நேரடியாகத் தீர்வை பேசியது. சிவகங்கை, இராமநாதபுரம் போன்ற ஜமீன்களிலோ 1802-ஆம் ஆண்டின் 25-ஆம் ஒழுங்குவிதிப்படி ஜமீன்தாரோடு நிரந்தரமாகப் பேசி முடித்தது. அதற்கும் பெயர் செட்டில்மென்ட்தான். ஜமீன்களை ஒழித்த 1948-ஆம் ஆண்டு எஸ்டேட் ஒழிப்புச் சட்டத்துக்குப் பின் அந்த ஊர்களில் செட்டில்மென்ட் அதிகாரிகள் விசாரித்து, உழவரை அரசோடு நேரடியாக இணைக்கும் ரயத்துவாரிப் பட்டா வழங்கினார்கள். உங்கள் நகல் அந்த விசாரணையில் பிறந்ததானால், சாதாரணப் பதிவேட்டை விட அதற்கு எடை கூடுதல். ஜமீனுக்கும் உழவருக்கும் இடையிலான கேள்விக்கு அது விடை. ஆயினும் பாட்டனாருக்குப் பின் யாருக்கு எந்தப் பங்கு என்பதற்கு அதுவும் விடையாகாது.

உங்கள் தந்தையின் உரிமை 1994 பத்திரத்தில்தான் நிற்கிறது. 1899-ஆம் ஆண்டின் முத்திரைச் சட்டம் செட்டில்மென்ட்டை வரையறுக்கும்போதே உயில் அல்லாத ஏற்பாடு என்று பிரித்துவிடுகிறது. உயில் எழுதியவரின் இறப்புக்குப் பின் நடைமுறைக்கு வரும், இது உடனே வரும். தலைப்பை மட்டும் நம்பாதீர்கள். ‘என் ஆயுளுக்குப் பின் நீ அடைந்துகொள்ள வேண்டியது’ என்று மட்டுமே உள்ளே இருந்தால், தலைப்பு என்னவாக இருந்தாலும் அதை உயில் என்று வாதாட இடம் உண்டு. பதிவு, சாட்சிகள் இருவரின் கையொப்பம், பாட்டனாரின் வாழ்நாளிலேயே தந்தை ஏற்றுக்கொண்டமை ஆகியவற்றையும் பாருங்கள்.

அத்தை கேட்பது மூன்றாவது வகை, அதாவது பணம் வாங்கிக்கொண்டு விவகாரத்தை முடித்துக்கொள்வது. பாட்டனார் அந்த நிலத்தின் முழு உரிமையாளராக இருந்து பத்திரமும் சரியாக இருந்தால், அத்தைக்கு அதில் பங்கு கேட்க இடமில்லை. உறவுக்காகத் தொகை கொடுப்பதானால், தரகர் நீட்டும் வெள்ளைத்தாள் ரசீதை வாங்காமல், பதிவு செய்த விடுதலைப் பத்திரம் பெறுங்கள். அசையாச் சொத்தில் நூறு ரூபாயோ அதற்கு மேலோ மதிப்புள்ள உரிமையை விட்டுக்கொடுக்கும் ஆவணம் பதிவாக வேண்டும் என்பது 1908-ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம்; அந்த ரசீது நாளை அத்தையின் பிள்ளைகளைத் தடுக்காது.

பதிவேட்டுக்கும் பத்திரத்துக்கும் ஒரே ஆங்கிலப் பெயரை வைத்துக்கொண்டு, மக்களுக்கு ஒரு வரி விளக்கம்கூடத் தராமல் அலுவலகங்கள் காலம் தள்ளுகின்றன. அந்த மௌனத்தில்தான் தரகர்கள் பிழைக்கிறார்கள். அசையாச் சொத்துப் பத்திரங்கள் பதிவாகும் முதற்புத்தகத்தின் நகலை, கட்டணம் செலுத்தினால், யாரும் சார்பதிவாளர் அலுவலகத்தில் பெறலாம். 1994 பத்திரத்தின் எண்ணைக் கொண்டு முழு நகலையும் நீங்களே நேரில் வாங்கி, கடைசிப் பக்கம் வரை ஒரு வழக்கறிஞரிடம் படிக்கக் கொடுங்கள். அதுவரை தரகரிடம் முன்பணம் வாங்க வேண்டாம்.