அம்மா வெற்றிலையை விட, என்ன கேட்கலாம்?

கேள்வி: அம்மாவுக்கு 51 வயது. தலவாக்கலைப் பக்கம் ஒரு தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறார். ஒரு நாளைக்குப் பத்து வாய் வெற்றிலையாவது போடுவார், புகையிலையோடு. புற்றுநோய் வரும் என்றால், "பாட்டி எண்பது வயசு வரைக்கும் போட்டாங்க, என்ன ஆச்சு?" என்கிறார். எப்படி நிறுத்த வைப்பது?

பதில்: விடுவதற்கு நீங்கள் ஒரு காரணம் சொன்னால், விடாமலிருக்க அவர் ஒரு காரணம் சொல்வார். சொல்லச் சொல்ல அதுவே அவருக்கு உறுதியாகிவிடும். விடுவதற்கான காரணம் அவர் வாயிலிருந்தே வரும்படி கேட்டுப் பாருங்கள். குடிப்பழக்கச் சிகிச்சைக்காக அமெரிக்க உளவியலாளர் வில்லியம் மில்லர் 1983இல் விவரித்த முறை இது.

வேலை விட்டு வந்து, தேத்தண்ணி குடித்து ஆறிய நேரம் பாருங்கள். முதலில், "வெத்தல போட்டா மலையில என்ன உதவியா இருக்கு?" குளிர், பசி, அலுப்பு என்பார். மறுக்க வேண்டாம், அவை உண்மைதான். அடுத்து, "அதுல உங்களுக்கே பிடிக்காதது என்ன?"

பிறகு, "விடணும்னு எவ்வளவு ஆசை? 0லிருந்து 10க்குள்ள ஒரு நம்பர் சொல்லுங்க." 3 என்றால், "ஏன் மூணுதானா?" என்று கேட்டுவிடாதீர்கள், சாக்குகள் வரிசையாக வரும். "ஒண்ணு சொல்லாம ஏன் மூணு சொன்னீங்க?" என்று கேளுங்கள். அந்த இரண்டு எண்ணுக்கு அவர் காரணம் தேடியாக வேண்டும். மனதுக்குள் பத்து எண்ணும்வரை பேசாமல் இருங்கள். பலர் இங்கேதான் பொறுமையிழந்து புத்தி சொல்லத் தொடங்குகிறார்கள். "கொச்சிக்கா பட்டா வாய் எரியுது" என்றால், அதே சொல்லைத் திருப்பிச் சொன்னால் போதும்.

காரணம் வந்த பிறகுதான் அடுத்த கேள்வி: "எந்த வாயை முதல்ல விடலாம், பெரட்டுக்குப் போகுமுன்ன போடுறதையா, பகல் சாப்பாட்டுக்குப் பிறகு போடுறதையா?" (பெரட்டு என்பது காலையில் தோட்ட வேலைக்கு ஆள் கூடும் இடம்.) விடுவது முடிவானது போலக் கேட்கும் இதை முந்திக் கேட்டால், மடக்கப் பார்க்கிறாள் மகள் என்று நினைத்துவிடுவார்.

புகையிலையை நிறுத்தினால் முதல் வாரம் எரிச்சல், தலைவலி, தூக்கக் குறைவு இருக்கும். சில வாரங்களில் தணியும். பெருஞ்சீரகம், கறுவாப்பட்டைத் துண்டு மடியில் இருக்கட்டும். பாக்கையும் விட்டாக வேண்டும். புகையிலை சேராத பாக்கும் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004இல் அறிவித்திருக்கிறது.

நோய்க்குறி விசாரிக்கும்போது மட்டும் இப்படிச் சாய்த்துக் கேட்கக் கூடாது. "புண் ஒண்ணும் இல்லதானே?" என்றால் "இல்ல" என்றுதான் பதில் வரும். "வாயில என்ன மாத்தம் தெரியுது?" என்று கேட்டு, டார்ச் வெளிச்சத்தில் கன்னத்தின் உட்புறம், நாக்கின் ஓரம், அடிநாக்கு மூன்றையும் பாருங்கள். இரண்டு வாரத்தில் ஆறாத புண், வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, கட்டி இருந்தாலோ, அவருடைய மூன்று விரல்களை ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து நுழைக்கும் அளவுக்கு வாய் திறக்காவிட்டாலோ, அந்த வாரமே ஆஸ்பத்திரிப் பல் வைத்தியரிடம் கூட்டிப் போங்கள். அவர் வெற்றிலையை விடும்வரை காத்திருக்க வேண்டாம்.