அக்காவின் மகனிடம் என்ன சொல்வது?

வணக்கம் ஐயா,

பொகவந்தலாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து எழுதுகிறேன். என் அக்காவுக்குப் புற்றுநோய். மஹரகம புற்றுநோய் வைத்தியசாலையில் வைத்தியம் பார்த்தோம். இனி வலிக்கு மட்டுமே மருந்து என்று சொல்லிவிட்டார்கள். மகன் 5ஆம் தரம். இவ்வருடம் புலமைப்பரிசில் பரீட்சை. அதுவரை அவனுக்கு எதுவும் தெரியக்கூடாது என்கிறார் கொழும்பில் கடையில் வேலை செய்யும் மச்சான். அவனோ தினமும் இரவில், "சித்தி, அம்மாவுக்கு எப்போது சரியாகும்?" என்று கேட்கிறான். நான் என்ன சொல்ல?

அன்புள்ள தங்கைக்கு,

அவனுக்குத் தெரியாது என்பதை என்னால் நம்ப முடியவில்லை. தோட்டத்து வரிசை வீடுகளில் ஒன்றான 10 அடிக்கு 12 அடி லயக் காம்பராவில் அம்மா இரவெல்லாம் முனகுவதைக் கேட்டுக்கொண்டும், தன்னைக் கண்டதும் பெரியவர்கள் பேச்சை நிறுத்துவதைப் பார்த்துக்கொண்டும் இருப்பவனுக்கு, மஹரகமவுக்கு எதற்காகப் போவார்கள் என்பது புரியாமல் இருக்காது. இதைப் பற்றி வீட்டில் பேசலாமா என்றுதான் அவன் உங்களிடம் கேட்கிறான்.

ஆகவே பரீட்சைக்காகக் காத்திருக்க வேண்டாம். நோயின் பெயரையும், இனி குணமாகாது, அம்மா இறந்துவிடுவார் என்பதையும் மழுப்பாமல் சொல்லுங்கள். பின்னாளில் யார் யோசனை கூறினாலும், அம்மா வெளிநாடு போயிருக்கிறார் என்ற பொய்யை மட்டும் சொல்லிவிடாதீர்கள். குவைத்துக்கும் சவூதிக்கும் வீட்டு வேலைக்குப் போன தாய்மார் சில வருடங்களில் திரும்பி வருவதை அடுத்த வீட்டிலேயே பார்த்து வளரும் நம் மலையகத்துப் பிள்ளை, தன் அம்மாவும் ஒருநாள் பெட்டியோடு வந்து இறங்குவார் என்று வருடக்கணக்கில் காத்திருப்பான்.

தான் செய்த குறும்பால்தான் அம்மாவுக்கு இப்படி ஆனது என்றும், பக்கத்தில் படுத்தால் தனக்கும் தொற்றும் என்றும் பிள்ளைகள் வெளியில் சொல்லாமல் பயப்படுவதுண்டு. அவன் கேட்காவிட்டாலும் இரண்டும் உண்மையல்ல என்று சொல்லிவிடுங்கள். அழுத கையோடு பந்து விளையாட ஓடினால் கோபிக்காதீர்கள். பிள்ளைகளின் துக்கம் விட்டு விட்டுத்தான் வரும். வகுப்பாசிரியருக்கும் ஒரு வார்த்தை தெரிந்திருக்கட்டும்.

மகன் என்பதால் சடங்குக்கு அவனைத்தான் முன்னால் நிறுத்துவார்கள். தப்பு மேளச் சத்தத்துக்கும் கூட்டத்துக்கும் நடுவில் அவன் திகைத்துப் போகாதபடி, அன்றைக்கு என்னென்ன நடக்கும் என்பதை முன்பே விளக்கி, அவனுடைய விருப்பத்தையும் கேளுங்கள்.

ஆனால் அவன் மனதில் உள்ள பெரிய கேள்வி, அம்மாவுக்குப் பிறகு தன்னை யார் பார்த்துக்கொள்வார்கள் என்பதாகத்தான் இருக்கும். உங்களோடு இருப்பானா, அப்பாவோடு கொழும்புக்குப் போவானா, எந்தப் பாடசாலையில் படிப்பான் என்பதை மச்சான் அடுத்த முறை வீட்டுக்கு வரும்போது மூவருமாக முடிவு செய்யுங்கள். அக்காவுக்குப் பேசத் தெம்பு இருக்கும்போதே, அதை அவர் வாயால் அவனுக்குச் சொல்லட்டும்.