கவலை மீனும் கோடை அட்டவணையும்

கேள்வி: என் கணவர் மீன்பிடித் துறைமுகத்தை ஒட்டிய ஓர் ஐஸ் பிளாண்டில் கணக்கெழுதுகிறார். மீன்பிடித் தடைக்காலத்தில் பாதிச் சம்பளம்தான். ஜூனில் இரண்டு பிள்ளைகளுக்கும் பள்ளிக் கட்டணம் கட்ட வேண்டும். என் சங்கிலி ஏற்கெனவே அடகில். மாமியாருக்கு மூட்டுவலி. விடுமுறை வீணாகிவிடக் கூடாது என்று பிள்ளைகளுக்கு அட்டவணை போட்டு ஒட்டியிருக்கிறேன். ஒரு நாளும் அதன்படி நடக்கவில்லை. இத்தனை கவலைக்கு நடுவில் கோடையைச் சந்தோஷமாகத் திட்டமிட ஒரு வழி சொல்லுங்கள்.
- ஒரு வாசகி, கடலூர் முதுநகர்

பதில்: உங்கள் கடிதம் ஐந்து பக்கம், அம்மா. மேலே அச்சாகியிருப்பது முதல் பக்கத்தின் சாரம். மீதி நான்கு பக்கமும் புகார். கேள்வியைவிடப் புகார்தான் எனக்குப் பிடித்திருந்தது. இரண்டு முறை படித்தேன்.

முதல் புகார், உங்கள் கணவர்மீது. மாலை ஐந்து மணிக்குக் கையெழுத்துப் பயிற்சி என்று அட்டவணையில் இருக்க, அவர் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு துறைமுகத்துக்குப் போய்விட்டார். கரையேற்றிய விசைப்படகுகளுக்கு வண்ணம் அடிப்பதை மூவரும் வேடிக்கை பார்த்திருக்கிறார்கள். மகன் சட்டையெல்லாம் நீலப் பெயின்ட். மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தும் போகவில்லை. திரும்பும்போது தெரிந்தவர் ஒருவர் பை நிறையக் கவலை மீன் கொடுத்தனுப்பினார். தடை விசைப்படகுகளுக்குத்தானே, கட்டுமரமும் ஃபைபர் படகும் போய்வருகின்றன. அத்தனை பொடி மீனையும் இருட்டுகிற நேரத்தில் உட்கார்ந்து ஆய வேண்டியதாயிற்று. மாமியார் முழங்காலை நீட்டிக்கொண்டு தலை கிள்ளினார், மகள் செதில் தேய்த்தாள், கணவர் மாங்காய் நறுக்கினார். சாப்பிட ஒன்பதரை ஆகிவிட்டது. "அன்றைக்குப் படிப்பும் போயிற்று, தூக்கமும் போயிற்று" என்று முடித்திருக்கிறீர்கள்.

இரண்டாவது புகார், மின்வாரியத்தின்மீது. கத்திரி வெயில் தொடங்கிய வாரம், இரவு பதினொரு மணிக்குக் கரண்ட் போய்விட்டது. பாயைச் சுருட்டிக்கொண்டு எல்லோரும் மொட்டை மாடி. தரை அப்போதும் சுட்டதால் மகன் இரண்டு வாளித் தண்ணீரைக் கேட்காமல் கொட்டிவிட்டான். கடல் பக்கமிருந்து காற்று லேசாக வந்தது. மாமியார் 'தானே' புயலைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். 2011 டிசம்பர் 30 காலையில் அது உங்கள் ஊருக்கும் எங்கள் ஊர் புதுச்சேரிக்கும் நடுவில்தான் கரையேறியது. பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்து கிடந்ததை நானும் பார்த்தேன். உங்கள் பிள்ளைகள் அதற்குப் பிறகு பிறந்தவர்கள், வாயைப் பிளந்து கேட்டார்களாம். கூரை பறந்து, ஆட்டைத் தூக்கிக் கட்டிலின்மேல் நிறுத்திய இடத்துக்குக் கதை வந்தபோது கரண்ட் வந்துவிட்டது. காலையில் யோகா இருக்கிறது என்று எல்லோரையும் கீழே விரட்டிவிட்டீர்கள்.

திட்டமிட வழி கேட்கிறீர்கள். எனக்கு அந்த வித்தை தெரியாது. இந்த இரண்டு இரவையும் நீங்கள் திட்டமிட்டிருந்தால் இரண்டுமே நடந்திருக்காது என்பது மட்டும் தெரிகிறது.

கவலை பொய் என்று சொல்ல வரவில்லை. அப்படிச் சொல்கிறவர்களுக்குப் பெரும்பாலும் முதல் தேதி சம்பளம் வந்துவிடுகிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடை. 2017-க்கு முன் 45 நாளாக இருந்தது. மீன் குஞ்சு பொரிக்கக் கூடுதலாகக் கிடைத்த 16 நாள், உங்கள் வீட்டுக் கணக்கில் கூடுதலாக 16 நாள் பாதிச் சம்பளம். நிவாரணத் தொகை மீனவக் குடும்பங்களுக்கானது. ஐஸ் பிளாண்ட் கணக்கருக்கு அதில் இடமில்லை. இதில் உங்கள் கோபம் நியாயமானது. பள்ளிக் கட்டணத்துக்கு ஒன்று செய்யலாம். 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி தமிழ்நாட்டில் தனியார் பள்ளிக் கட்டணத்தை ஒரு குழு நிர்ணயிக்கிறது. அதற்குமேல் வாங்கக் கூடாது. உங்கள் பள்ளிக்கு நிர்ணயித்த தொகை என்ன என்று கேளுங்கள், தவணையும் கேளுங்கள். கூச்சப்படாதீர்கள், கூச்சத்துக்கு யாரும் தள்ளுபடி தருவதில்லை.

கேட்பதற்கு முன் அந்த அட்டவணையைக் கிழியுங்கள். அபாகஸ் 1,200, இந்தி 800, கையெழுத்து 600 என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். கழுத்துச் சங்கிலியை அடகில் வைத்துவிட்டுப் பையனின் 'ழ'கரத்தை நேராக்க 600 ரூபாயா? என் கையெழுத்தை அச்சுக்கோப்பவர்கள் இன்றுவரை திட்டுகிறார்கள். அதனால் என் பிழைப்பு ஒன்றும் கெட்டுவிடவில்லை.

இதில் எங்கள் பங்கும் இருக்கிறது. "குறைந்த செலவில் கோடைச் சுற்றுலா" என்று சென்ற மாதம் நாங்கள் போட்ட கட்டுரையைப் படித்து எரிச்சலடைந்ததாக மூன்றாம் பக்க ஓரத்தில் குறிப்பிட்டிருக்கிறீர்கள். அந்தக் குறைந்த செலவு உங்கள் வீட்டில் இரண்டு மாத மளிகை. அதை அனுமதித்தவன் நான்தான். திட்டை ஏற்றுக்கொள்கிறேன்.

எனக்குப் பத்து வயதிருக்கும்போது அப்பா வேலை பார்த்த ஆலையில் கதவடைப்பு. கோடை முழுவதும் அப்பா வீட்டில். மாலையானால் எங்களைக் கடற்கரைச் சாலைக்கு நடத்தியே கூட்டிப்போவார். பாறைகளில் உட்கார்ந்து, கடலுக்குள் நிற்கும் பழைய பாலத்தின் மிச்சத் தூண்களை எண்ணுவோம். அலைக்குத் தக்கபடி எண்ணிக்கை மாறும். தம்பியும் நானும் அடித்துக்கொள்வோம். ஒரு பொட்டலம் சுண்டலை நான்கு பேர் தின்போம். அப்பா அவ்வளவு பேசி அதற்கு முன்னும் பின்னும் நான் கேட்டதில்லை. என் ஆயுளில் ஆகச் சிறந்த கோடை எது என்றால் அதைத்தான் சொல்வேன். பல வருடம் கழித்து அம்மாவிடமும் சொன்னேன். "அந்த வருடமா? என் வளையல் போன வருடம்" என்றார். சுண்டல் வாங்கிய காசு எங்கிருந்து வந்தது என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. அம்மா ஒரு நாள்கூட எங்களோடு கடற்கரைக்கு வரவில்லை என்பதும் அன்றைக்குத்தான் நினைவுக்கு வந்தது. வீட்டில் உட்கார்ந்து கணக்குப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

உங்கள் கடிதத்திலும் தேடினேன். படகுக்கு வண்ணம் அடித்த இடத்தில் நீங்கள் இல்லை. மொட்டை மாடியில் கொஞ்சம் இருக்கிறீர்கள், கையில் கடிகாரத்தோடு. மீன் ஆய்ந்த இடத்தில்தான் முழுதாக இருக்கிறீர்கள். அந்தப் பத்தியில் மட்டும் உங்கள் எழுத்து வேகமாக ஓடுகிறது, கடுகு வெடித்ததுகூட வருகிறது. கவலையை என்ன செய்வது என்று கடலூர்க்காரருக்குப் புதுச்சேரிக்காரன் சொல்லித் தருவதா? முள் அதிகம்தான். மாங்காய் போட்டுக் குழம்பு வைத்து, மறுநாள் பழைய சோற்றுக்குத் தொட்டுக்கொண்டால் அதற்கு ஈடு வஞ்சிரம்கூட இல்லை.

இந்த இதழ் உங்கள் கைக்கு வரும்போது மே முடியப்போகும். ஜூன் 14 நள்ளிரவோடு தடை முடிகிறது. படகுகள் கிளம்பிவிட்டால் உங்கள் கணவருக்கு ஐஸ் கணக்கு எழுதவே நேரம் போதாது. நடுவில் எப்படியும் ஒரு நாள் கரண்ட் போகும். அன்றைக்கு நீங்களும் பாயில் படுத்து, மாமியாரிடம் மீதிக் கதையைக் கேட்டு எனக்கு எழுதுங்கள். அந்த ஆடு என்ன ஆயிற்று?