இரண்டு நட்சத்திரம் வாங்கிய பையன்

அன்புள்ள ஐயா,

இண்டியானாபொலிஸில் வசிக்கிறேன். ஜனவரியில் இண்டியானா பல்கலைக்கழக அணி மியாமியை ஜெயித்து அமெரிக்க ஃபுட்பாலில் கல்லூரி சாம்பியன் ஆனதிலிருந்து எங்கள் ஆபீஸில் வேறு பேச்சே இல்லை. 'ஹைஸ்கூல் பையன்களுக்கு ஸ்டார் போடுவதெல்லாம் சந்தா விற்கும் வியாபாரம், இனி அதை யாரும் நம்பமாட்டார்கள்' என்கிறார் என் மேலாளர். என்.எஃப்.எல். என்ற தொழில்முறை லீகில் பெரிய பெயர் எடுத்த ஜே.ஜே. வாட் இரண்டு நட்சத்திரக்காரர், அதே லீகின் ஜோஷ் ஆலனை ஒரு பெரிய கல்லூரிகூட கூப்பிடவில்லை, இண்டியானாவின் மெண்டோசா யேல் பல்கலைக்கழகத்துக்குப் போக இருந்தவர் என்று வரிசையாகச் சொல்கிறார். கேட்கும்போது சரி என்றுதான் படுகிறது. இன்னொரு விஷயம், பக்கத்து வீட்டுப் பையன் தடுப்பாட்டத்தில் லைன்பேக்கர் இடத்தில் ஆடுகிறான், பதினொன்றாம் வகுப்பு. அவனுக்கு இரண்டு நட்சத்திரம் போட்டிருக்கிறார்கள், அப்பாவும் அம்மாவும் இடிந்துபோய் இருக்கிறார்கள். இந்த நட்சத்திரங்கள் உண்மையில் எதையாவது சொல்கின்றனவா?

ஒரு வாசகர், இண்டியானாபொலிஸ்

அன்புள்ள நண்பருக்கு,

சொல்கின்றன, நிறையவே சொல்கின்றன. ஆனால் உங்கள் மேலாளருக்கு ஒரு பதில், பக்கத்து வீட்டுக்கு வேறு பதில். இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் இந்தச் சண்டை வருஷா வருஷம் நடக்கிறது.

இந்த விளையாட்டு பழக்கமில்லாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் ஹைஸ்கூல் ஃபுட்பால் ஆடும் பையன்களை 247ஸ்போர்ட்ஸ், ரிவல்ஸ், இ.எஸ்.பி.என். போன்ற நிறுவனங்கள் தரம் பிரிக்கின்றன. ஐந்து நட்சத்திரம் வருஷத்துக்கு முப்பது பேர் போலத்தான். என்.எஃப்.எல். அணிகள் கல்லூரி வீரர்களை வரிசையாக எடுக்கும் டிராஃப்டின் முதல் சுற்றில் 32 இடம் இருப்பதால் அதையே 247ஸ்போர்ட்ஸ் அளவாக வைத்துக்கொண்டது. அடுத்த முந்நூறு நானூறு பேருக்கு நான்கு. அதற்குக் கீழே மூன்று நட்சத்திரக்காரர்கள் ஆயிரத்துக்கும் மேல், அப்புறம் இரண்டு, அப்புறம் பெயரே பட்டியலில் வராதவர்கள்.

உங்கள் மேலாளர் தவறுவது இந்த எண்ணிக்கையில்தான். என்.எஃப்.எல்.-இன் இறுதிப் போட்டியான சூப்பர் பௌல் சமயத்தில் ஒவ்வொரு வருஷமும் 'இன்று ஆடுபவர்களில் ஐந்து நட்சத்திரக்காரர் எத்தனை பேர் பாருங்கள், மூன்று நட்சத்திரக்காரர் எத்தனை பேர் பாருங்கள்' என்று ஒரு படம் சுற்றும். மூன்று நட்சத்திரக்காரர்கள்தான் எப்போதும் அதிகம் இருப்பார்கள், ஏனென்றால் கிளம்பியவர்களே அத்தனை பேர். நூற்றுக்கு எத்தனை பேர் போய்ச் சேர்ந்தார்கள் என்று பார்த்தால் கதையே வேறு. ஐந்து நட்சத்திரக்காரர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் டிராஃப்டில் எடுக்கப்படுகிறார்கள். மூன்று நட்சத்திரக்காரர்களில் நூற்றுக்குப் பத்துப் பேர்கூடத் தேறுவதில்லை. பதினேழு வயதுப் பையன்களைப் பார்த்துச் சொல்லும் கணிப்புக்கு இது அபாரமான தேர்ச்சி, சந்தா விற்கும் வியாபாரம் என்று ஒதுக்கிவிட முடியாது.

அணி என்று வந்தால் இன்னும் கறாராகத் தெரியும். பட் எலியட் என்ற எழுத்தாளர் 'புளூ சிப் விகிதம்' என்று ஒரு கணக்கு போட்டார். முந்தைய நான்கு வருஷத்தில் ஹைஸ்கூலிலிருந்து எடுத்தவர்களில் பாதிக்கு மேல் நான்கு, ஐந்து நட்சத்திரக்காரர்களாக இல்லாத அணி சாம்பியன் ஆகாது என்பதுதான் அது. 2011 முதல் 2024 வரை 14 சீசன், ஒரு தடவைகூடப் பொய்க்கவில்லை. அந்த 14 பட்டங்களையும் ஏழே கல்லூரிகள் பங்கு போட்டுக்கொண்டன: அலபாமா, ஃப்ளோரிடா ஸ்டேட், ஒஹையோ ஸ்டேட், கிளெம்சன், எல்.எஸ்.யூ., ஜார்ஜியா, மிச்சிகன்.

'ஸ்டெட்சன் பென்னட் இல்லையா?' என்று உங்கள் மேலாளர் கேட்கலாம். ஸ்காலர்ஷிப்கூட இல்லாமல் வாக்-ஆன் ஆக ஜார்ஜியாவில் சேர்ந்து, தாக்குதலை நடத்தும் குவார்ட்டர்பேக்காக 2021, 2022 இரண்டு சீசனிலும் பட்டம் வாங்கிக் கொடுத்தவர். எனக்கும் அவரை ரொம்பப் பிடிக்கும். ஆனால் அவர் ஆடிய அணியில் மற்ற இடங்களில் யார் நின்றார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். 2021 அணியின் தடுப்பு வரிசையிலிருந்து மட்டும் ஐந்து பேர் அடுத்த டிராஃப்டின் முதல் சுற்றிலேயே போனார்கள். முதல் ஆளாக எடுக்கப்பட்ட டிராவன் வாக்கர் ஐந்து நட்சத்திரக்காரர். 2023 ஜனவரி இறுதிப் போட்டியில் ஜார்ஜியாவை எதிர்த்து நின்றது டெக்சஸைச் சேர்ந்த டி.சி.யூ. கல்லூரி. அரையிறுதியில் மிச்சிகனையே 51-45 என்று கவிழ்த்துவிட்டு வந்த அணி, மன உறுதிக்கும் பயிற்சிக்கும் குறையே இல்லை. முடிவு 65-7. நட்சத்திரத்துக்கு மதிப்பில்லை என்பவர்கள் அந்த ஆட்டத்தை முழுதாக உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

நட்சத்திரம் மட்டும் இருந்தால் ஆயிற்றா என்றால் அதுவும் இல்லை. டெக்சஸ் ஏ அண்ட் எம் 2022-இல் சேர்த்த பையன்கள் கூட்டம் நாட்டிலேயே முதலிடம், அதுவரை யாரும் சேர்த்திராத கூட்டம் என்று கொண்டாடினார்கள். அந்த சீசன் 5 வெற்றி, 7 தோல்வி. அடுத்த வருஷமே கோச் ஜிம்போ ஃபிஷரை 7.5 கோடி டாலருக்கு மேல் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். வந்த பையன்களில் பலர் வேறு கல்லூரிகளுக்குக் கிளம்பிவிட்டார்கள். நல்ல நட்சத்திரக் கணக்கு ஓர் அணியைப் பட்டத்துக்குப் போட்டியிடும் வரிசையில் நிறுத்தும், மீதியை அந்த ஊரில் இருப்பவர்கள் செய்ய வேண்டும்.

சரி, இண்டியானாவுக்கு வருவோம். 2023-இல் 3 வெற்றி, 9 தோல்வி என்று கிடந்த அணி, 2025-இல் 16-0. அவர்கள் ஆடும் பிக் டென் என்ற கல்லூரிக் கூட்டமைப்பின் பட்டமே 1967-க்குப் பிறகு இப்போதுதான். எலியட்டின் கணக்கு இங்கே உடைந்தது என்பதில் சந்தேகமே இல்லை, பாதி என்ன, கால்வாசிகூட அவர்களிடம் கிடையாது. ஆனால் எப்படி உடைந்தது என்று பார்த்தால்தான் விஷயம் புரியும். இறுதிப் போட்டியில் மியாமி உதைத்த பந்தைத் (பண்ட்) தடுத்து ஒரு டச்டௌனுக்கு வழிசெய்த மிக்கைல் கமாரா ஹைஸ்கூலிலிருந்து நேராக வந்த பையன் இல்லை. ஜேம்ஸ் மேடிசன் என்ற சிறிய கல்லூரி அணியில் வருஷக்கணக்காக ஆடியவர், அங்கே அவருக்குக் கோச்சாக இருந்த கர்ட் சிக்னெட்டியோடு கூடவே வந்தவர். அப்படிக் கூட வந்தவர்கள் பத்துப் பேருக்கு மேல். நான்காம் டவுனில், அதாவது கடைசி முயற்சியில், பந்தோடு ஓடி டச்டௌன் அடித்த ஃபெர்னாண்டோ மெண்டோசா, கலிஃபோர்னியா பல்கலைக்கழக அணிக்காக ஏற்கெனவே இரண்டு சீசன் ஆடி அடிபட்டுத் தேறியவர். எதிரே இருந்த அணிகளில் பத்தொன்பது இருபது வயது நட்சத்திரங்கள் பலர், இவர்களோ இருபத்திரண்டு இருபத்திமூன்று வயது ஆண்கள், இவர்கள் கல்லூரி ஆட்டத்தில் என்ன செய்வார்கள் என்பதை யாரும் ஊகிக்கவே வேண்டியதில்லை, ஃபிலிமில் இருக்கிறது.

சிக்னெட்டி யார் தெரியுமா? 2007 முதல் 2010 வரை அலபாமாவில் நிக் சேபனிடம் ஆள் சேர்க்கும் பொறுப்பில் இருந்தவர். ஹூலியோ ஜோன்ஸ் போன்ற ஐந்து நட்சத்திரப் பையன்களை வீடு தேடிப் போய்க் கூட்டிவந்த அமைப்பில் தேர்ந்தவர். நட்சத்திரத்தின் அருமை தெரியாமல் ஒதுக்கியவர் இல்லை அவர். 2021-இல் விதி மாறி, ஒரு வருஷம் சும்மா உட்காராமலே கல்லூரி மாறலாம் என்று ஆனது. வீரர்கள் தம் பெயரை வைத்துச் சம்பாதிக்கலாம் என்பதும் அதே வருஷம் வந்தது. பதினேழு வயதில் கட்ட வேண்டிய பந்தயத்தை இருபத்தியொரு வயது வரை தள்ளிப்போடலாம் என்றான பிறகு, அதை அவர் முழுதாகப் பயன்படுத்தினார். நட்சத்திரக் கணிப்பு பொய்த்துவிட்டது என்று நான் இதைப் படிக்கவில்லை, அதைவிடப் புதிய தகவல் கிடைக்க ஆரம்பித்துவிட்டது, அவ்வளவுதான்.

எனக்கு வயிற்றெரிச்சல் வருவது இதன் மறுபக்கத்தைப் பார்க்கும்போதுதான். உங்கள் பக்கத்து வீட்டுப் பையனைப் போன்றவர்களின் இடத்தில்தான் இந்தப் புதிய ஏற்பாடு கை வைக்கிறது. முன்பெல்லாம் நடுத்தரக் கல்லூரி கோச் ஒருவர் 'இவனுக்கு இன்னும் உடம்பு வளரும், இரண்டு வருஷம் பொறுப்போம்' என்று ஒரு ஸ்காலர்ஷிப்பைக் கொடுத்துவைப்பார். இப்போது அதே இடத்துக்கு வேறு கல்லூரியில் இரண்டு வருஷம் ஆடிய ஒருவரை போர்ட்டலில், அதாவது கல்லூரி மாற விரும்பும் வீரர்களின் பட்டியலில், எடுத்துக்கொள்ளலாம், கோச்சின் வேலையும் தப்பிக்கும். 2025-இலிருந்து அணிக்கு 105 பேர்தான் என்று உச்சவரம்பு வேறு வந்துவிட்டது, அதனால் பல பெரிய கல்லூரிகள் வாக்-ஆன் பையன்களைக் குறைத்துவிட்டன.

ஜே.ஜே. வாட்டின் கதையை இங்கே நினைத்துப்பாருங்கள். சென்ட்ரல் மிச்சிகனில் டைட் எண்ட் என்ற தாக்குதல் இடத்தில் சேர்ந்தார். அந்த இடத்துக்கு இரண்டு நட்சத்திரம் போட்டதில் பெரிய குற்றமில்லை, அவர் அந்த இடத்தில் பெரிய ஆளாக வரவே இல்லை. கையில் இருந்த ஸ்காலர்ஷிப்பை விட்டுவிட்டு விஸ்கான்சினுக்கு வாக்-ஆன் ஆகப் போனார். இடையில் பீட்சா டெலிவரி செய்தார். உடம்பை ஏற்றி, தடுப்பாட்டத்தில் டிஃபென்ஸிவ் எண்டாக மாறினார், 2011 டிராஃப்டில் 11-ஆவது ஆள், அப்புறம் மூன்று தடவை என்.எஃப்.எல்.-இன் சிறந்த தடுப்பாட்டக்காரர். அவர் நுழைந்த வாசல் வாக்-ஆன் வாசல். ஸ்டெட்சன் பென்னட்டும் இன்னொரு குவார்ட்டர்பேக் பேக்கர் மேஃபீல்டும் அதே வாசல்தான். அதை இப்போது பாதி சாத்திவிட்டார்கள், இது இந்த விளையாட்டுக்கே நஷ்டம் என்று நினைக்கிறேன்.

பையனின் நட்சத்திரத்தைப் பற்றி அவன் பெற்றோரிடம் நீங்கள் சொல்ல வேண்டியது ஒன்றிருக்கிறது. பையன்கள் திறமை காட்டும் கேம்ப்களில் எத்தனை பேர் பார்த்தார்கள், எந்தக் கல்லூரிகள் ஸ்காலர்ஷிப் ஆஃபர் கொடுத்தன என்பதைச் சேர்த்துத்தான் அந்த எண் உருவாகிறது. அலபாமா ஆஃபர் கொடுத்தால் மறுநாளே நட்சத்திரம் கூடுவது உண்டு. ஜோஷ் ஆலன் ஃபயர்பாவில், கலிஃபோர்னியாவின் நடுவே ஒரு விவசாய ஊரில், குடும்பப் பண்ணையில் வளர்ந்தவர். ஃபுட்பால் சீசன் முடிந்தால் கூடைப்பந்து, அப்புறம் பேஸ்பால், கேம்ப் கேம்பாகச் சுற்றவில்லை. ரீட்லி என்ற இரண்டு வருஷக் கல்லூரியில் ஆடிய பிறகுதான் வயோமிங் எடுத்தது. ஆகவே இரண்டு நட்சத்திரம் என்றால் 'சரியாகப் பார்த்து, போதாது என்று முடிவு செய்தார்கள்' என்றும் இருக்கலாம், 'இன்னும் யாரும் சரியாகப் பார்க்கவே இல்லை' என்றும் இருக்கலாம். எது என்று பெற்றோர்தான் விசாரித்துக் கண்டுபிடிக்க வேண்டும்.

பதினொன்றாம் வகுப்புதான், இன்னும் ஒரு முழு சீசன் பாக்கி இருக்கிறது. ஜூன் மாதத்தில் கல்லூரிகள் தங்கள் மைதானத்திலேயே கேம்ப் நடத்தும். காசு வாங்கி நட்சத்திரம் காட்டும் தனியார் கேம்ப்களைவிட இவை மேல், ஆஃபர் கொடுக்கும் கோச்சே நேரில் நின்று பார்ப்பார். பையன் பெரிய பெயருக்கு ஆசைப்படாமல், இரண்டாம் வருஷத்திலேயே களத்தில் இறக்கக்கூடிய சிறிய கல்லூரியைப் பார்க்கட்டும், கமாரா தொடங்கியது அப்படி ஒரு இடத்தில்தான். எந்த கோச் கூப்பிட்டாலும் ஒரு கேள்வி கட்டாயம் கேட்கச் சொல்லுங்கள்: கடந்த இரண்டு வருஷத்தில் எத்தனை லைன்பேக்கர்களை ஹைஸ்கூலிலிருந்து எடுத்தீர்கள், எத்தனை பேரை போர்ட்டலில் எடுத்தீர்கள்? நேராக எண்ணிக்கை சொல்லாமல் மழுப்பினால் அடுத்த கல்லூரியைப் பார்க்கட்டும். கேம்ப் பதிவுகளைத் தள்ளிப்போட வேண்டாம், இந்த வாரமே உட்கார்ந்து பார்க்கச் சொல்லுங்கள்.