பட்டறையில் பணம் போட்டால் மாதாமாதம் வருமானம் வருமா?

கேள்வி: எனக்கு 28 வயது. ஐ.டி. வேலையை தேவகோட்டை வீட்டிலிருந்தே பார்க்கிறேன். 'மவுன்ட் அண்ட் பிளேட் 2: பேனர்லார்ட்' கேமை ரொம்ப நாளாக ஆடுகிறேன். அதில் ஊருக்கு ஊர் பட்டறை வாங்கிப் போட்டு, கேரவன் (வணிகக் கூட்டம்) அனுப்பிவிட்டால், நான் சண்டையில் இருந்தாலும் தினமும் பணம் வரும். ஐயா நிலம் விற்றதில் என் பங்காக 12 லட்சம் கையில் இருக்கிறது. ஆத்தங்குடி டைல்ஸ் பட்டறை, காரைக்குடியில் ஒரு பலகாரக் கடை, ஒரு கண்டாங்கிச் சேலைக் கடை என மூன்றிலும் தலா 4 லட்சம் போட்டு, கடை வேலையில் தலையிடாத ஸ்லீப்பிங் பார்ட்னராக இருந்தால் அதே மாதிரி வருமா?

பதில்: தம்பி, அதே மாதிரி வராது. அந்தக் கேமில் கேரவன் ஒன்றுக்கு 15,000 டெனார் (அங்கே அதுதான் காசு). நாளுக்கு 200 கொடுத்தால் 75 நாளில் முதல் திரும்பிவிடும். அந்த உலகத்தில் வருஷத்துக்கே 84 நாள்தான். ஒரு வருஷத்துக்குள் போட்ட முதலை முழுசாகத் திருப்பித் தருகிறேன் என்று காரைக்குடியில் யாராவது சொன்னால் காபியைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிடுங்கள்.

ஆனால் கேமைக் குறை சொல்ல மாட்டேன். சுற்றுக் கிராமத்தைக் கொள்ளையடித்தால் பட்டறைக்குச் சரக்கு வராது, உங்கள் ராஜ்யம் அந்த ஊர்க்காரனோடு போருக்குப் போனால் பட்டறையே பறிபோகும் என்பதையெல்லாம் சரியாகவே வைத்திருக்கிறார்கள். நம் ஊருக்கு இது புதுசா? அந்தக் காலத்தில் செட்டிநாட்டில் முதலாளி இருப்பார். பர்மாவில் மேலாள், அவருக்குக் கீழே அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்று சம்பள ஆட்களை வைத்தே வட்டிக்கடை நடக்கும். உங்கள் கேரவன் தலைவனைப் போலத்தான். 1930களின் மந்தத்தில் கடன் வாங்கியவர்களால் திருப்பிக் கட்ட முடியாமல், கீழ் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் செட்டியார்கள் கைக்கு வந்த நிலம் 1930-ல் 6 சதவீதமாக இருந்தது 1938-ல் 25 சதவீதம் ஆனது. 1942-ல் ஜப்பான்காரன் வந்தான், 1948-ல் நில தேசியமயச் சட்டம் வந்தது. அவ்வளவு பெரிய முதலும் ஒரே நாட்டில் மாட்டிக்கொண்டது.

உங்கள் மூன்று கடையும் அப்படித்தான். தொழில் மூன்று, ஆனால் மூன்றுமே இந்தப் பக்கம் வீடு கட்டுகிறவர்கள், கல்யாணம், சுற்றுலா ஆட்கள் என ஒரே கூட்டத்தை நம்பித்தான் ஓடுகின்றன.

கேம் விட்டுவிட்ட விஷயம் ஒன்று இருக்கிறது: கடன் பாக்கி. அங்கே சரக்கு சந்தைக்குப் போனதும் காசு. இங்கே? கண்ணாடிமேல் அச்சை வைத்து வண்ணக் கலவையை ஊற்றி, மேலே மணலும் சிமென்ட்டும் போட்டு அழுத்தி, காயவைத்து, தண்ணீரில் ஊறவைத்து எடுக்கும் டைல்ஸ், கான்ட்ராக்டரிடம் கடனுக்குப் போய்விடும். பணம் வீடு குடிபுகுந்த பிறகுதான், சில சமயம் அதற்கும் பிறகுதான். அச்சு ஊற்றும் ஆசாரி முன்பணம் வாங்கியிருப்பார். அடுத்த பட்டறைக்காரர் கூடக் கொடுத்தால் போய்விடுவார். இதெல்லாம் லாபக் கணக்கில் தெரியாது. ஐந்தொகையில்தான் (பேலன்ஸ் ஷீட்) தெரியும். அந்தக் காலத்து முதலாளிகள் வீட்டில் உட்கார்ந்திருந்தாலும் அதை வரவழைத்துப் படித்தார்கள்.

சட்டத்தையும் பாருங்கள். 1932-ன் கூட்டாண்மைச் சட்டப்படி, நீங்கள் கடைப் பக்கமே போகாவிட்டாலும் ஃபர்மின் கடன் முழுவதற்கும் பொறுப்பு. 4 லட்சத்தோடு போகாது. வங்கி தேவகோட்டை வீட்டுப் பங்குவரை வரலாம். எல்.எல்.பி. (வரையறுத்த பொறுப்புள்ள கூட்டாண்மை) ஆக இருந்தால் பொறுப்பு பொதுவாகப் போட்ட பணத்தோடு நிற்கும். சாதாரண ஃபர்ம்தான் என்றால் பதிவு செய்ததா என்று கேளுங்கள்; பதிவில்லாத ஃபர்மில் உங்கள் உரிமைக்காகப் பார்ட்னர்மீது வழக்குப் போட முடியாது. "லாபமோ நஷ்டமோ, மாசம் ஆறாயிரம் தருகிறேன்" என்று சொன்னால் அது பங்கு இல்லை, கடன். கடனுக்கு உரிய புரோநோட்டு எழுதி வாங்குங்கள். அதை வைத்து வழக்குப் போடவும் கெடு 3 வருஷம்தான்.

நான் என்ன செய்வேன்? மூன்றில் ஒன்று மட்டும், அதுவும் 3 லட்சத்துக்கு மேல் இல்லை. ஆறு மாதச் சம்பளத்துக்குச் சமமான தொகை வங்கி டெபாசிட்டில். ஒரு வங்கிக்கு 5 லட்சம் வரைதான் காப்பீடு என்பது நினைவில் இருக்கட்டும். மிச்சத்தை, பங்குச் சந்தைக் குறியீட்டை அப்படியே பின்பற்றும் இண்டெக்ஸ் ஃபண்டில் மாதாமாதம் பிரித்துப் போடுங்கள். இதில் தினமும் காசு விழாது, ரொம்ப மந்தமாக இருக்கும். பரவாயில்லை, விறுவிறுப்புக்குத்தான் கேம் இருக்கிறதே.

டைல்ஸ்காரரிடம் 90 நாளுக்கு மேல் வராத பாக்கிப் பட்டியலைக் கேளுங்கள். தரத் தயங்கினால் அங்கேயே விட்டுவிடுங்கள். பலகாரக் கடையில் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. (உணவுப் பாதுகாப்பு ஆணையம்) பதிவு யார் பேரில் இருக்கிறது என்று பாருங்கள். விலகிப்போன பழைய பார்ட்னர் பேரிலேயே இருந்தால், அதை மாற்றிய பிறகு பேசலாம்.